சுவர் குடிக்கும் தண்ணீர்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் போகும்போது சாலையோர வீடுகளின் பக்கச் சுவர்களைக் கவனித்துப் பாருங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்குள் கட்டிய மாடி வீடுகள், கிளிப்பச்சையும் ரோஸும் ஆரஞ்சுமாக இருக்கும். முகப்பு பளபளக்கும். பக்கச் சுவரில் மட்டும், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், பெயிண்ட் கொப்புளம் போட்டு உரிந்திருக்கும். உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி. அதே தெருவில் ஐம்பது அறுபது வருடத்து ஓட்டு வீடு ஒன்று நிற்கும். அதற்கு ஆயுள் முழுக்கச் சுண்ணாம்புதான். அழுக்கேறியிருக்கும், மழைநீர் வழிந்த கறை இருக்கும். கொப்புளம் இருக்காது.

வீட்டுக்காரர் பெயிண்ட் கடைக்காரரைக் குறை சொல்வார். கடைக்காரர் பெயிண்டரைக் கைகாட்டுவார். பெயிண்டர், “சுவத்துல உப்பு பூக்குதுங்க, நான் என்ன பண்றது” என்பார். கொத்தனாரைக் கேட்டால், “போர்த் தண்ணி அப்படிங்கய்யா” என்பார். இவர்களில் கடைசி இருவரும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் உப்பு ஏன் பழைய சுவரை விட்டுவிட்டுப் புதுச் சுவரைப் பிடிக்கிறது? தரையை ஒட்டிய இடம் ஓரளவு நன்றாக இருக்க, முழங்காலுக்கு மேலே ஏன் உரிகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் எந்தப் பெயிண்டை எப்போது அடிப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

காலுக்குக் கீழே கடல்

அரியலூரைச் சிமெண்ட் நகரம் என்கிறோம். அதற்குக் காரணம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த ஆழமில்லாத கடல். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல்லை வெட்டும்போது கிரைஃபியா என்ற சிப்பியின் தடித்த ஓடுகள் குவியல் குவியலாக வரும். கல்லின் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஓடுகளும் அவற்றின் தூளும்தான். 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகப் புவியியலாளர்கள் இன்றும் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒரு முறையாவது கூட்டிப்போக வேண்டும். தங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்பதை அவர்கள் அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

சுண்ணாம்பு அடித்த சுவரும் சிமெண்ட் பூசிய சுவரும் இந்தக் கல்லிலிருந்து பிறந்தவைதான். இரண்டும் பிரிந்து போன வழிதான் வேறு.

பத்துக் கிலோ கல்லின் பயணம்

கலப்பே இல்லாத சுண்ணாம்புக்கல் 10 கிலோ எடுத்துக்கொள்வோம். அதைக் காளவாயில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட வேண்டும். ஆறிய பிறகு எடுத்து நிறுத்தால் 5.6 கிலோதான் இருக்கும். கல் பார்வைக்கு அப்படியே இருக்கும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். காணாமல் போன 4.4 கிலோ கரியமில வாயு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சிப்பிகள் கடல்நீரிலிருந்து எடுத்து ஓட்டுக்குள் பூட்டி வைத்த வாயு அது.

மிஞ்சியது சுட்ட சுண்ணாம்பு. அதைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும் என்பது கிராமத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். அந்த 5.6 கிலோ, தண்ணீரில் 1.8 கிலோவை உடம்போடு சேர்த்துக்கொண்டு 7.4 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. மீதித் தண்ணீர் அதைக் கரைத்து வைக்க மட்டும்தான். துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் வெளுப்புக்குத் துளி நீலமும் கலந்து, மட்டையால் சுவரில் அடிப்பார்கள்.

அடித்தவுடன் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சுவர் வெளுத்த மாதிரியே தெரியாது. “காஞ்சா வெளுக்கும்” என்பார் அடிப்பவர். அதற்குள் ஒளியின் பாடம் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புத் துகள்களுக்கு இடையே தண்ணீர் இருக்கும்வரை ஒளி பெரிதாகச் சிதறாமல் உள்ளே போய்விடும். அந்த இடைவெளிகளில் தண்ணீர் போய்க் காற்று வந்ததும், துகளுக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திரும்பி நாலாபக்கமும் சிதறும். நம் கண்ணுக்கு அது வெள்ளை.

காய்ந்ததோடு வேலை முடிவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு இப்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்குகிறது. 7.4 கிலோ சுண்ணாம்பு 4.4 கிலோ வாயுவை வாங்கிக்கொண்டு, 1.8 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் 10 கிலோ சுண்ணாம்புக்கல்லாகிறது. கணக்கு கிராம் பிசகாமல் நேராகும். சுரங்கத்திலிருந்து எடுத்த அதே கல், சுவரில் மெல்லிய தோலாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்துக்கு நான்கு பங்கு அளவுதான். 4.4 கிலோ வாயு வேண்டுமானால், பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறைகள் 200க்குரிய காற்று அந்தச் சுவரைத் தொட்டுச் செல்ல வேண்டும். வாயு முதலில் ஈரத்தில் கரைந்த பிறகுதான் சுண்ணாம்போடு சேரும். ஆகவே சுவரில் மிதமான ஈரம் இருந்தால்தான் சுண்ணாம்பு கல்லாகும். வெயிலில் படபடவென்று காய்ந்த சுண்ணாம்பு கல்லாவதற்கு முன்பே தூளாகிவிடும். தொட்டால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை பெரும்பாலும் அப்படி அவசரத்தில் காய்ந்ததுதான்.

இப்படி உருவாகும் தோல் முழுக்க நுண்துளைகள். ஆவி தாராளமாக அதன் வழியே போய்வரும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் பூச்சின் காரம்

அதே சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1450 டிகிரி அளவுக்குச் சுட்டு, கிடைக்கும் உருண்டைகளைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு பொடியாக்கினால் சிமெண்ட். சுண்ணாம்பு காற்றால் இறுகுகிறது என்றால், சிமெண்ட் தண்ணீரால் இறுகுகிறது. தண்ணீரோடு சேரும்போது உறுதியான பசைப் பொருள் ஒன்று உண்டாகிறது. கூடவே நீற்றிய சுண்ணாம்பும் தனியாகப் பிரிந்து வருகிறது. 50 கிலோ மூட்டை ஒன்று முழுதாக இறுகினால் பத்துக் கிலோ அளவுக்கு இப்படி விடுபட்ட சுண்ணாம்பு பூச்சுக்குள்ளேயே கிடக்கும்.

இதனால் புதுப் பூச்சு கடுமையான காரம். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் தூய நீர் 7 என்றால், புதுச் சிமெண்டின் ஈரம் 12.5ஐத் தாண்டும். இந்தச் சுவரில் எண்ணெய் கலந்த இனாமல் பெயிண்டை அடிப்பவர்கள் தெரியாமலேயே சோப்பு காய்ச்சுகிறார்கள். எண்ணெயும் காரமும் ஈரமும் சேர்ந்தால் சோப்புதானே? பெயிண்டின் எண்ணெய் சோப்பாகிப் பிசுபிசுத்து, ஒட்டும் சக்தியை இழந்து, தோல் தோலாக வரும். சில பளிச்சென்ற நிறங்களும் காரத்தில் வெளிறிப்போகும். காவி அப்படிப் போகாது. அது இரும்பின் துரு. காரமோ வெயிலோ அதற்கு மேல் அதை என்ன செய்துவிட முடியும்? கோயில் மதில்களில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பூச்சு முடிந்து தண்ணீர் காட்டி, குறைந்தது 28 நாளாவது விட்டுவைக்கச் சொல்வது சிமெண்ட் இறுகுவதற்காக மட்டுமில்லை. உள்ளேயுள்ள மிச்ச ஈரம் வெளியேறவும், மேற்பரப்பில் காரம் தணியவும் அவகாசம் வேண்டும். புதுமனைப் புகுவிழா நாள் குறித்துவிட்டு அதற்கு முந்தைய வாரம் பெயிண்ட் அடிக்கும் வீடுகளில் பாதிப் பிரச்சினை அன்றே தொடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

நூறு சதுர அடிச் சுவரில் எவ்வளவு தண்ணீர்?

நாட்டுச் செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. நன்றாக ஊறவைத்தால் தன் எடையில் இருபது சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம். சாதாரணச் செங்கலுக்கு இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சவரம்பும் அதுதான். அதாவது ஒரு கல்லுக்கு 600 மில்லி. பத்தடி நீளம், பத்தடி உயரமுள்ள 9 அங்குலச் சுவரில் சுமார் 1000 கல் இருக்கும். முழுக்க ஊறினால் 600 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டியில் அடங்காத தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் ஒரே சுவருக்குள் நிற்க முடியும்.

எந்தச் சுவரும் அவ்வளவு ஊறுவதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு, 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே நாம் அடிக்கும் எமல்ஷன் என்ன கனம்? ஒரு லிட்டர் பெயிண்ட் இரண்டு கோட்டாக அறுபது சதுர அடிக்கு வரும். அதிலுள்ள தண்ணீர் போனபின் மிஞ்சும் படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். தண்ணீர் ஆவியாகும்போது உருண்டைகள் நெருங்கி நசுங்கி ஒன்றாகி, நிறமியைப் பிடித்துவைக்கும் படலமாகின்றன. வெளிப்புற எமல்ஷன் படலம் மழைத்துளியைத் தடுக்கும், ஆவியைக் கொஞ்சம் விடும். இனாமல் ஏறத்தாழ விடவே விடாது. பழைய பெயிண்டின் மேல் பெயிண்டாக அடித்துக்கொண்டே போனால் எமல்ஷனும் மூச்சு அடைத்த தோலாகிவிடும்.

உள்ளே 60 லிட்டர், வெளியே இந்தத் தோல். சித்திரை வெயில் சுவரைச் சுடும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். வழி இல்லாத இடத்தில் தோலைத் தள்ளும். கொப்புளம் அதுதான். சுண்ணாம்பு அடித்த சுவரும் மழையில் ஊறியது, ஒருவேளை அதிகமாகவே ஊறியது. ஆனால் அது வந்த வழியே ஈரத்தை விட்டுவிட்டது.

முழங்காலுக்கு மேலே ஏன்?

தண்ணீர் மழையாக மட்டும் வருவதில்லை. அடித்தளத்தைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து செங்கலின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. இதை நுண்துளை ஏற்றம் என்று சொல்லலாம். நம் ஊர்களில் ‘ஓதம் ஏறுது’ என்பார்கள். மேலே போகப் போக ஆவியாகிக் குறையும். கீழிருந்து வரும் ஈரமும் மேலே ஆவியாகும் ஈரமும் சரிக்குச் சரியாகும் உயரம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று அடி. தரையை ஒட்டிய பகுதி எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே உப்பு கரைந்த நிலையிலேயே இருக்கிறது. மேல் விளிம்பில்தான் தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்குகிறது. அழிவும் அங்கேதான்.

உப்பு எங்கிருந்து வந்தது? செங்கலின் களிமண்ணில் இருந்தது, மணலில் இருந்தது, மண்ணிலிருந்து ஏறியது. கொத்தனார் சொன்ன போர்த் தண்ணீரும் உண்டு. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்றுத் தண்ணீரை 500 லிட்டர் அந்தச் சுவருக்குக் காட்டினால், பாதி வழிந்து போனாலும் கால் கிலோ உப்பு உள்ளே தங்கும். பெரம்பலூர் மாவட்டம் காரையின் செம்மண் ஓடைச் சரிவுகளில் ஜிப்சம் பாளம் பாளமாக மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த வட்டாரத்து மண்ணில் சல்பேட்டு உப்புகள் இருப்பது வியப்பாக இருக்காது.

சல்பேட்டுகளில் மிக முரடன் சோடியம் சல்பேட்டு. ஈரத்தோடு இருக்கையில், ஏறத்தாழ 32 டிகிரிக்கு மேலே இது நீரில்லாத படிகமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு புதுப் படிகமாகும். அப்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு மடங்கு. நம் வெயில்காலத்துப் பகலும் இரவும் இந்த 32 டிகிரிக் கோட்டைக் குறுக்கே தாண்டித் தாண்டிப் போகின்றன. நுண்துளைக்குள் படிகம் வளர்ந்து, கரைந்து, மறுபடி வளர்ந்து, துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. பெயிண்டோடு சேர்த்துப் பூச்சையும் பொடியாக்குவது இந்த வேலைதான். உப்பு சுவரின் வெளியே பூத்தால் துடைத்துவிடலாம். பெயிண்ட் தோல் வெளியே வரவிடாமல் தடுத்து, தோலுக்குப் பின்னால் பூக்க வைத்தால் பூச்சே போய்விடும்.

இறுக்கமான மேற்பூச்சு சுவரைக் கெடுத்த கதை அமெரிக்காவிலும் உண்டு. நியூ மெக்சிகோவில் ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற ஊரின் மண் தேவாலயத்துக்கு ஆண்டுதோறும் ஊர்மக்கள் கூடி மண் பூசுவது வழக்கம். 1967இல் அந்தச் சிரமம் வேண்டாமென்று சிமெண்ட் பூசினார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் மண்சுவர் அழுக, 1979இல் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மண்ணுக்கே திரும்பினார்கள். இப்போதும் ஊர் கூடித்தான் பூசுகிறது.

கரிசல் காட்டு விரிசல்

பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண் வீட்டுக்கு இன்னொரு தொல்லை. ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும் களிமண் அது. அடித்தளம் ஆழமில்லாத வீடுகளில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அந்த விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். வைகாசியில் விரிந்து கார்த்திகையில் மூடினால், பிழை மண்ணில். எந்த விலையுயர்ந்த பெயிண்டும் அதை மூடாது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. புதிதாகக் கட்டுபவர்கள் அதைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்கலாம். கட்டிவிட்டவர்கள், கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாதபடி குழாய் வைத்து, சுற்றிலும் சரிவாகத் தளம் போட்டாலே மண்ணின் ஆட்டம் குறையும், ஓதமும் குறையும்.

கடைக்குப் போகும் முன்

செலவில்லாத மூன்று சோதனைகள் போதும். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி மறுநாள் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. உள்ளங்கையால் பழைய பெயிண்டைத் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் அதன் மேல் அடிப்பதும் மாவோடு உதிரும். அரியலூரில் லாரிப் புழுதி படியும் தெருக்களில் இது மிக முக்கியம், கழுவிக் காயவிடாமல் தூரிகையைத் தொடக்கூடாது. வெள்ளைப் பூப்பின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் பெரும்பாலும் அது பூச்சிலிருந்து கசிந்து கல்லான சுண்ணாம்பு, உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். நுரைக்காமல் தண்ணீரில் கரைந்துபோனால் உப்பு. உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

ஓதம் ஏறும் அடிப்பகுதியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ஓதத்தை நிறுத்தும் வழி செய்யாதவரை அங்கே எமல்ஷன் வேண்டாம். அந்த மூன்றடியைச் சுண்ணாம்புக்கு விட்டுவிடலாம், காவி கலந்தால் பார்க்கவும் அழகு. ஆனால் பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், சுண்ணாம்பு பிளாஸ்டிக் மேல் பிடிக்காது.

பொங்கலுக்கு அடிக்கலாமா?

வெள்ளையடிக்கும் காலம் நமக்கு மார்கழிக் கடைசி. சுண்ணாம்புக்கு அது மிகப் பொருத்தமான நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சுவரில் மிதமான ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும், அதிகாலைப் பனி நனைக்கும். கல்லாவதற்குச் சுண்ணாம்பு கேட்பது இவ்வளவும்தான்.

எமல்ஷனுக்கு இவை எல்லாமே பகை. மழையில் குடித்த தண்ணீர் சுவருக்குள் இன்னும் இருக்கும். மாலையில் அடித்த கோட்டின் மேல் விடியற்காலைப் பனி இறங்கினால், பெயிண்டிலுள்ள சோப்பு போன்ற பொருள் கசிந்து பளபளப்பான கோடுகளாக வழியும். அடிக்கும் பொருளை மாற்றிவிட்டோம், நாட்காட்டியை மாற்றவில்லை. எமல்ஷன் அடிப்பவர்கள் மாசி, பங்குனி வரை பொறுப்பது நல்லது. அதிலும் சுடும் சுவரில் அடித்தால் மேலே ஏடு கட்டி உள்ளே காயாமல் நிற்கும். ஆகவே நிழலைத் தொடர்ந்து போக வேண்டும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் அடிக்கலாம். வடக்குச் சுவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பருவமழையின் சாரலை வாங்குவது அது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயிலும் அதற்குக் கிட்டாது. மற்ற மூன்றும் காய்ந்துவிட்டதாகப் பாலித்தீன் தாள் சொன்ன பிறகும், வடக்குச் சுவரில் அதைத் தனியாக ஒரு முறை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.